ஃபைலை மூடுவது யார் பொறுப்பு? ரஸ்ட், ஹாஸ்கெல், இட்ரிஸ் 2, கிரானுல்

திறந்த ஃபைலை மூட மறப்பதும், மூடிய ஃபைலில் மறுபடி எழுதப் பார்ப்பதும் நிரலாளர்களின் பழைய வியாதிகள். நிரல் ஓடுவதற்கு முன்பே, டைப் சரிபார்ப்பில் (மதிப்புகளின் வகைகள் பொருந்துகின்றனவா என்று கம்பைலர் பார்க்கும் கட்டத்தில்) இரண்டையும் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு வேர், தர்க்கவியலாளர் ஜான்-ஈவ் ஜிரார் 1987இல் வெளியிட்ட நேரியல் தர்க்கம். அதில் ஒரு கருதுகோளை இஷ்டம்போல் நகலெடுக்கவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது. அதன் வாரிசுகளான இந்த நான்கு நிரல்மொழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, ஒரு மதிப்பை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்ற கணக்கை மொழி எங்கே எழுதி வைக்கிறது என்பதைத்தான்.

ரஸ்ட் அதை மதிப்பின் உரிமையில் வைக்கிறது. கைமாறிய மதிப்பைப் பழைய பெயரால் தொட்டால் கம்பைலர் விடாது. ஆனால் அதன் விதி ‘அதிகபட்சம் ஒருமுறை’. ‘சரியாக ஒருமுறை’ அல்ல. நீங்கள் மறந்தால் கம்பைலரே ஃபைலை மூடிவிடும். வசதிதான். அப்படி மூடும்போது பிழை நேர்ந்தால் நிலையான நூலகம் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். மதிப்பை அழிக்காமல் கசியவிடுவதும் ரஸ்டில் ‘பாதுகாப்பான’ செயலே. அழிப்புக் கட்டாயம் நடக்கும் என்று நம்பி எழுதப்பட்ட த்ரெட் (இணையாக ஓடும் நிரல் இழை) வசதி ஒன்று, 2015இல் ரஸ்ட் 1.0 வெளிவருவதற்குச் சற்று முன் இதனாலேயே நீக்கப்பட்டது. வேறு வடிவில் அது திரும்பிவர 2022 ஆயிற்று.

ஹாஸ்கெல், அதன் கம்பைலரான ஜிஎச்சியின் 9.0 பதிப்பு முதல் (2021), கணக்கை ஃபங்ஷனின் டைப்பில் உள்ளீட்டுக்கும் விடைக்கும் நடுவே வரும் அம்புக்குறியில் எழுதுகிறது: விடையை ஒருமுறை முழுதாக நுகர்ந்தால், உள்ளீடும் சரியாக ஒருமுறை நுகரப்படும். பழைய டேட்டா டைப்புகளைத் திருத்தவே வேண்டாம்; புத்திசாலித்தனமான சமரசம். ஆனால் மதிப்பின் மேல் எந்த முத்திரையும் இல்லை. ஆகவே ஃபைலை இப்படிப்பட்ட நேரியல் ஃபங்ஷனுக்குள் மட்டுமே கையில் கொடுக்கும்படி நூலகத்தை எழுதியவர் வேலி கட்டவேண்டும். நடுவில் விதிவிலக்கு (ஓட்டத்தை முறிக்கும் பிழை) எழுந்தால் மூடும் வரியே ஓடாமல் போகலாம். அதற்கும் நூலகம்தான் வழி செய்யவேண்டும்.

எட்வின் பிரேடியின் இட்ரிஸ் 2, கோனர் மெக்பிரைடும் ராபர்ட் அட்கியும் வளர்த்த கோட்பாட்டின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு மாறிக்கும் 0, 1, வரம்பின்மை என மூன்றில் ஒரு குறி. 1 என்றால் மூடியே ஆகவேண்டும். என்னைக் கவர்ந்தது 0: பட்டியலின் நீளம் போலச் சரிபார்ப்புக்கு மட்டும் தேவைப்படுபவை ஓட்டநேரத்தில் இருக்கவே இருக்காது. அது அழிந்துவிடும் என்பதை டைப்பைப் படித்தே சொல்லிவிடலாம்.

கிரானுல் ஆராய்ச்சி மொழி. ‘இரண்டு முறை’, ‘பூஜ்யம் முதல் ஒன்று வரை’, ‘இது ரகசியம்’ என எதையும் டைப்பில் எழுதலாம். சரிபார்க்க, தர்க்க நிபந்தனைகளைத் தானாகத் தீர்க்கும் இசட்3 என்ற நிரல் துணை நிற்கிறது. எண்ணிக்கையோடு, ரகசியமா இல்லையா என்பதுபோன்ற சூழலையும் கண்காணிப்பது நான்கில் இது ஒன்றுதான். அன்றாட வேலைக்கு நூலகங்கள் போதாது.

சம்பளத்துக்கு எழுதும் நிரல் என்றால், உறுத்தலோடு ரஸ்டையே எடுப்பேன். கருத்தைப் புரிந்துகொள்ள வருகிறவருக்கு இட்ரிஸ் 2. ஹாஸ்கெலின் அம்புக்குறி அதற்குப் பிறகு எளிதாகப் பிடிபடும்.