சொந்தக் காசா, முதலீட்டாளர் காசா? வேம்பு வழியும் கிரீஷ் வழியும்

மீன் விற்க ஆப் செய்கிற மண்டபத்துத் தம்பி ஒருத்தன் பாம்பன் டீக்கடையில் கேட்டான்: "அண்ணே, ஸ்ரீதர் வேம்பு மாதிரி போறதா, கிரீஷ் மாத்ருபூதம் மாதிரியா?" கிரீஷே வேம்புவின் மென்பொருள் கம்பெனியான சோஹோவில் இருந்து வெளியே வந்தவர்தான்.

பணம்
வேம்பு: 1996-ல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கி, 2009-ல் சோஹோ என்று பெயர் மாறியது. வெளியாள் முதலீடு வாங்கவில்லை.
கிரீஷ்: 2010-ல் ஃபிரெஷ்டெஸ்க் என்ற மென்பொருள் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருடமே ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பணம் வந்தது.

தரகரிடம் முன்பணம் வாங்கிய மீன்பிடி வல்லத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வலையும் இன்ஜினும் உடனே வந்துவிடும். ஆனால் மீனை அவரிடம்தான் போடணும், விலையும் அவர் சொல்வதுதான். முதலீட்டாளர் அவ்வளவு மோசமில்லை; நஷ்டமானால் வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டார். ஆனால் பங்கு கேட்பார், அவசரப்படுத்துவார்.

வேகம்
கிரீஷ்: 2021 செப்டம்பரிலேயே கம்பெனி அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது.
வேம்பு: பங்குச்சந்தைப் பக்கமே போகவில்லை. தென்காசி மத்தளம்பாறையில் குடியேறி, கிராமத்தில் அலுவலகம் நடத்த முடிந்தது. கடற்கரையை விட்டுப் போக மனசில்லாதவர்களுக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.

மாசாமாசம் சந்தா வரும் மென்பொருள் என்றால் சொந்தக் காசு போதும். போட்டியாள் முந்துவதற்குள் பத்து துறைமுகம் பிடிக்கணும் என்றால் முதலீடு வேண்டும்.

தம்பியிடம் ஒன்று கேட்டேன்: ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுத் தடை, அப்போது சம்பளம் எங்கிருந்து கொடுப்பாய்? போனைத் திருப்பிக் காட்டினான். ஆப்பில் நண்டு, கணவாய் என்று ரெண்டே பட்டன். "இன்னும் யாரும் வேலைக்கு இல்லண்ணே."