கொள்கை வேட்பாளரா, வெல்லக்கூடியவரா: திருகோணமலை வாக்காளருக்கு ஓர் ஒப்பீடு

வரியும் அரச செலவும் குறைய வேண்டும் என்று உறுதியாகப் பேசும் சிறு கட்சி வேட்பாளருக்கு வாக்களிப்பதா, வெல்லுவார் என்று ஊர் சொல்பவருக்கா என்பதே கேள்வி.

வாக்கின் பெறுமதி: திருகோணமலை மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் நான்கு ஆசனங்கள் உள்ளன. அதிக வாக்குப் பெறும் கட்சிக்கு ஒன்று போனஸாகச் செல்ல, 5 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளின் வாக்குகளைக் கழித்த பின்னரே எஞ்சிய மூன்றும் பகிரப்படுகின்றன. ஆகவே சிறு கட்சிக்கு இடும் வாக்கு வீணாகும் என்ற அச்சம் இங்கு மெய்யானது. அதே கொள்கையாளர் பெரிய கட்சியின் பட்டியலில் நின்றால், அப்பட்டியலிலுள்ள வேட்பாளர்களுக்கு இடக்கூடிய மூன்று விருப்பு வாக்குகளில் ஒன்றை அவருக்கு இடலாம். ஜனாதிபதித் தேர்தலில் அந்த அச்சம் வெகுவாகக் குறைகிறது. 1 கொள்கையாளருக்கும் 2 வெல்லக்கூடியவருக்கும் என அடையாளமிடலாம், 2024இல் இரண்டாம் விருப்புகள் முதன்முறையாக எண்ணவும் பட்டன.

நிலைப்பு: கொள்கையாளர் வரவுசெலவுத் திட்டத்தில் எப்பக்கம் கை உயர்த்துவார் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். மற்றவரை ஊகிப்பது கடினம். வெல்லக்கூடியவர் என்ற பட்டத்தைப் பெரும்பாலும் அவருடைய ஆட்களே சூட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

அணுகல்: இடமாற்றத்துக்கோ மகனின் அரச உத்தியோகத்துக்கோ கடிதம் கேட்டுப் போனால், வெல்லக்கூடியவர் தருவார், அரச ஆளணியைக் குறைக்கச் சொல்பவர் தரக்கூடாது, தந்தால் அவர் கொள்கையாளரல்லர்.

உடனடி உள்ளூர் வேலை முடியவேண்டியவருக்கு வெல்லக்கூடியவரே பொருத்தம். வரிச்சுமையே முதன்மைக் கவலையாக உள்ள வியாபாரிக்கு, 5 சதவீதத்தைத் தாண்டும் வாய்ப்பு இருக்குமானால், கொள்கையாளர் பொருத்தம்.