எண்ணிக்கையா, தடிமனா: 4எல்60-இ கியர்பாக்ஸின் 3-4 கிளட்சுக்குத் தட்டுகள் தேர்ந்த கதை

என்னுடைய 2002ஆம் ஆண்டு கமாரோ இசட்28 காரின் 4எல்60-இ தானியங்கி கியர்பாக்ஸைச் சென்ற குளிர்காலத்தில் வீட்டுக் கராஜிலேயே பிரித்துப் புதுப்பித்தேன். இந்தக் கியர்பாக்ஸைத் திறப்பவர் எவரும் கடைசியில் வந்து நிற்கும் இடம், மூன்றாவது, நான்காவது கியர்களில் பிடிக்கும் தட்டு அடுக்கான 3-4 கிளட்ச்தான். அதற்கு எந்தத் தட்டு அடுக்கை வாங்குவது என்பதில் எனக்கு இரண்டு வாரங்கள் கழிந்தன.

மற்றப் பாகங்களில் பெரிய யோசனைக்கு இடமில்லை. சீல்கள், புஷ்கள், ஃபில்டர் எல்லாம் புதிதாகவே இருக்க வேண்டும். சன் ஷெல், அதாவது உள்ளே சன் கியரைச் சுழற்றும் கிண்ணம் போன்ற பாகம், கடினப்படுத்தப்பட்ட வகையாக இருக்கட்டும். பழைய ஷெல்லின் பற்கள் உரிந்துவிட்டால் இரண்டாவது கியர், நான்காவது கியர், ரிவர்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். இரண்டாவது கியருக்கான பட்டையை எண்ணெய் அழுத்தத்தால் இறுக்கும் சர்வோவில், கார்வெட் காருக்கு வந்த பெரிய பிஸ்டன் விலை குறைவு, பலன் நிச்சயம். உள்ளீட்டுத் தண்டில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் நான்கு டெஃப்ளான் வளையங்களில் மட்டும் சற்று நின்று யோசித்தேன். வெட்டில்லாத முழு வளையத்தை விரித்து ஏற்றவும், ஏற்றியபின் மீண்டும் அளவுக்குச் சுருக்கவும் தனிக் கருவிகள் வேண்டும். சாய்வெட்டு வளையத்தைக் கையாலேயே பூட்டிவிடலாம். கருவி இரவல் கிடைத்ததால் முழு வளையத்தைப் பூட்டினேன். கிடைக்காவிட்டால் சாய்வெட்டு வளையத்தையே தயக்கமின்றி எடுத்திருப்பேன்.

இனி கிளட்ச் அடுக்கு. சந்தையில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, இருபுறமும் உராய்வுப் பூச்சுள்ள ஆறு தட்டுகளும், அவற்றுக்கிடையே தடித்த எஃகுத் தட்டுகளும் கொண்ட வழக்கமான அடுக்கு. இரண்டாவது, எஃகுத் தட்டுகளை மெலிதாக்கி, உராய்வுத் தட்டுகளை எட்டு, ஒன்பது என்று கூட்டிய அடுக்கு. மூன்றாவது, ரேபெஸ்டாஸ் நிறுவனத்தின் இசட்-பேக் போன்றது. இதில் ஒவ்வொரு தட்டிலும் ஒரு புறம் பூச்சு, மறுபுறம் வெற்று எஃகு.

கணக்கில் முன்னால் நிற்பது இரண்டாவதுதான். ஆறு தட்டுகளில் 12 உராய்வுப் பரப்புகள், எட்டுத் தட்டுகளில் 16. ஒரே அழுத்தத்தில் பிடிமானம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எனக்கு முன் இந்தக் கியர்பாக்ஸைப் புதுப்பித்த பட்டறையும் இந்த வழியில்தான் போயிருந்தது. தட்டுகள் அமர்ந்திருக்கும் உருளையான டிரம்மிலிருந்து, அடுக்கை வெளியே வராமல் பிடிக்கும் ஸ்னாப் ரிங் என்ற வளையத்தைக் கழற்றி அடுக்கை மேசையில் கவிழ்த்தபோது, மெல்லிய எஃகுத் தட்டுகள் நீலமும் கருப்புமாகத் திட்டுத்திட்டாய் வெந்திருந்தன. இரண்டு தட்டுகள் கூம்புபோல் வளைந்தும் இருந்தன. பூச்சு விரல் பட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது.

காரணம் சூட்டில் இருக்கிறது. இந்தக் கியர்பாக்ஸின் நான்கு கியர்களின் விகிதங்கள் வரிசையாக 3.06, 1.63, 1.00, 0.70. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது, நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சின் ஏறக்குறைய 3,680 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். அந்த இறக்கம் முடியும்வரை 3-4 கிளட்ச் வழுக்கிக்கொண்டே பிடிக்கிறது. அந்த ஒரு கணத்தில் பிறக்கும் சூடு முழுவதும் தட்டுகளுக்குள்தான் போக வேண்டும். உராய்வுப் பூச்சு காகித நார் வகையைச் சேர்ந்தது, சூட்டை எளிதில் கடத்தாது. ஆகவே சூட்டை வாங்கிக்கொள்வது எஃகுதான். எண்ணெய் வந்து குளிர்விப்பது பிறகுதான் நடக்கிறது. டிரம்மின் ஆழம் மாறாதது என்பதால், உராய்வுத் தட்டு ஒன்றைக் கூட்டினால் எஃகின் தடிமனைக் குறைத்துத்தான் அதற்கு இடம் பண்ண முடியும். பிடிமானத்தைக் கூட்டுகிறோம் என்று நினைத்து, சூடு தாங்கும் உலோகத்தைக் குறைத்துவிடுகிறோம். நின்ற நிலையில் பிடித்திருக்க வேண்டிய கிளட்ச் என்றால் பரப்புகளின் எண்ணிக்கை உதவும். வழுக்கியபடி பிடிக்க வேண்டிய இந்தக் கிளட்சுக்கு எஃகின் எடையே உயிர். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வகையை, உயர்தரப் பூச்சுள்ள ஆறு தட்டுகளும் தடித்த புதிய எஃகுத் தட்டுகளுமாக, வாங்கினேன்.

வீட்டில் வேலை செய்பவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்து அடுக்கியபின், ஸ்னாப் ரிங்குக்கும் மேல்தட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை நுழைத்து இடைவெளியை அளக்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட வரம்பு 0.030 முதல் 0.045 அங்குலம். முதல் அடுக்கலில் 0.058 வந்தது. சற்றுத் தடித்த மேல்தட்டை மாற்றியதும் 0.037க்கு இறங்கியது. வழக்கமான அடுக்குக்கு மேல்தட்டுகள் பல தடிமன்களில் தனியாகக் கிடைப்பதால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஒருபுறப் பூச்சு வகையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் ஒவ்வொரு தட்டும் எஃகாக நின்று சூட்டை வாங்குகிறது என்பதால், நான் மேலே சொன்ன வாதமே அதற்கும் சாதகமாக நிற்கும். ஒரு தட்டைத் திருப்பிப் போட்டாலும் எஃகோடு எஃகு உரசும் என்பதால், அடுக்கும்போது கவனம் சிதறக் கூடாது. நண்பர் ஒருவரின் டிரக்கில் அதைப் பூட்டி இரண்டு ஆண்டுகளாகக் குறையின்றி ஓடுகிறது. நான் நேரில் கண்டது அந்த ஒரு வண்டி மட்டுமே. என் கார் ஆலையிலிருந்து வந்தபடி 310 குதிரைத்திறனில்தான் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் பூட்டித் திறனைக் கூட்டிய வண்டிக்கு என் தேர்வு பொருந்தும் என்று உறுதி கூற எனக்கு அனுபவம் போதாது. அத்தகைய வண்டி என்றால் நானும் ஒருபுறப் பூச்சு வகையைத்தான் முதலில் பார்ப்பேன்.

எந்த அடுக்கை வாங்கினாலும், டிரம்முக்குள் இருக்கும் சிறு பந்து வால்வைச் சோதிக்காமல் மூடிவிடக் கூடாது. அது கசிந்தால் பிஸ்டனுக்கு முழு அழுத்தம் சேராது. எவ்வளவு நல்ல தட்டும் வழுக்கி வெந்துவிடும். உள்ளீட்டுத் தண்டில் 3-4 கிளட்சுக்குரிய துளையில் காற்றைச் செலுத்தியபோது, பிஸ்டன் 'தொப்' என்று ஒரே அடியில் எழுந்து தட்டுகளை அழுத்தி நின்றது, சீறல் ஏதும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் டிரம்மைக் கூட்டுக்குள் இறக்கினேன். 500 மைல் ஓடியபின் கியர்பாக்ஸின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்தேன்: அதிலிருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தது, எண்ணெய் சிவப்பு மாறாமல் இருந்தது.