ஜெல்லில் வளர்ந்த தோலா, நூல்வலையில் வளர்ந்த தோலா?

பாதத்தில் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் சர்க்கரைப் புண்ணின் மேல், ஆய்வகத்தில் வளர்த்த உயிருள்ள தோலை வைக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்துக் கால் நூற்றாண்டு ஆகிறது. 2000-இல் ஆப்லிகிராஃப், 2001-இல் டெர்மாகிராஃப். இரண்டுக்கும் விதை ஒன்றுதான்: பிறந்த ஆண் குழந்தைகளின் முன்தோலை நீக்கும்போது கிடைக்கும் செல்கள். அவற்றை ஊன்றும் நிலம்தான் வேறு.

டெர்மாகிராஃபின் நிலம், அறுவை சிகிச்சையில் தானாகக் கரையும் தையல் போடுகிறார்களே, அதே வகை பாலிகிளாக்டின் நூலால் பின்னிய வலை. அதில் உள்தோலை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை விட்டால், இழைகளைப் பற்றிப் பெருகி, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைத் தாங்களே சுரந்து கண்ணிகளை அடைத்துவிடும். புண்ணில் வைத்தபின் சில வாரங்களில் நூல் கரைந்துபோகும். கிடைப்பது உள்தோல் மட்டும். மேல்தோலை நோயாளியின் உடம்புதான் விளிம்பிலிருந்து வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆப்லிகிராஃபில் நூல் இல்லை. மாட்டுக் கொலாஜன் ஜெல்லுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட். அதன்மேல் மேல்தோலின் செல்களான கெரட்டினோசைட்டுகளைப் பரப்பிக் காற்றுப் பட வளர்த்த மேல்தோல். பார்த்தால் இதுதான் தோல் மாதிரி இருக்கும். ஆனாலும் ரத்தக்குழாய், வியர்வைச் சுரப்பி, முடி எதுவும் இரண்டிலும் கிடையாது.

முழுத்தோல் என்பதால் ஆப்லிகிராஃப் ஒட்டிக்கொண்டு அப்படியே நிலைத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இல்லை. சிரையில் ரத்தம் தேங்குவதால் காலில் வரும் சிரைப் புண்களில் வைத்து மரபணுவைத் தேடிப் பார்த்த ஆய்வில், நான்காம் வாரமே கொடையாளியின் செல்கள் சிலரிடம்தான் தென்பட்டன. எட்டாம் வாரத்தில் யாரிடமும் இல்லை. இரண்டுமே ஒட்டுத்தோல் அல்ல, சில வாரம் தங்கி செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, தூங்கிக் கிடக்கும் புண்ணை உசுப்பிவிட்டுப் போகிற விருந்தாளிகள். அப்படியானால் இரண்டடுக்கு என்ற பெருமைக்கு நான் அவ்வளவு மதிப்பெண் போட மாட்டேன்.

எண்களைப் பார்ப்போம். சர்க்கரைப் புண் சோதனைகளில் 12 வாரத்தில் முழுதாக ஆறியவர்கள்: ஆப்லிகிராஃபில் 56%, வழக்கமான கட்டு மட்டும் போட்டவர்களில் 38%. டெர்மாகிராஃபில் 30%, கட்டு மட்டும் போட்டவர்களில் 18%. ஜெல் ஜெயித்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். வெறும் கட்டுப் போட்டவர்களிடமே 38, 18 என்று இரு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அதாவது நோயாளிகளும் புண்களும் கவனிப்பும் ஒன்றல்ல. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட இந்த எண்கள் உதவாது.

உண்மையான வேறுபாடு ஃப்ரீசரில். நூல்வலைத் தோல் மைனஸ் 75 டிகிரியில் உறைந்து மாதக்கணக்கில் காத்திருக்கும். வேண்டும்போது உருக்கி, உப்புநீரில் அலசி, அரை மணி நேரத்துக்குள் வைத்துவிட வேண்டும். வாரம் ஒன்றாக எட்டு முறை வரை வைக்கலாம். ஜெல் தோல் 20–23 டிகிரியில் ஊட்டக்கூழின் மேல் உயிரோடு வரும். சுமார் இரண்டு வாரம்தான் கெடு. நோயாளி அன்று வராவிட்டால் போச்சு.

கால் சிரைப் புண் என்றால் யோசிக்கவே வேண்டாம்: ஆப்லிகிராஃபுக்கு அதற்கு 1998-லேயே அனுமதி உண்டு, டெர்மாகிராஃப் 2011-இல் அந்தச் சோதனையில் தேறவில்லை. (2014-இலிருந்து இரண்டும் ஆர்கனோஜெனிசிஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம்; டெர்மாகிராஃப் விற்பனையை அது 2022-இல் நிறுத்திவைத்தது. அண்ணன் தம்பிப் போட்டி!)

மூன்றாவதாக ஒரு தொல்லை பிடித்த போட்டியாளர்: செல்லே இல்லாத இன்டெக்ரா. மாட்டுக் கொலாஜன், சுறாக் குருத்தெலும்பின் சர்க்கரைப்பொருள், மேலே சிலிக்கோன் படலம், அவ்வளவுதான். சர்க்கரைப் புண் சோதனையில் 16 வாரத்தில் ஆறியவர்கள் 51%, கட்டு மட்டும் போட்டவர்களில் 32%. மைனஸ் 75 ஃப்ரீசரும் வேண்டாம், இரண்டு வாரக் கெடுவும் இல்லை. செல்லுக்காகக் கூடுதல் காசு கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது இந்த எண்ணுக்கு என்ன பதில் என்றுதான். அதற்கும் முன்னால், புண்ணின் செத்த சதையை வெட்டி எடுத்தார்களா, பாதத்தில் பாரம் விழாத செருப்பு கொடுத்தார்களா என்று.