புயல் பாதுகாப்பு மையத்துக்கு அணு பேட்டரியா, சோலாரா?

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த கரை இது. கரண்ட் இல்லாத மூன்று நாளும் மக்கள் ஒதுங்கும் புயல் மையத்தில் விளக்கு எரிந்தாக வேண்டும். 50 வருடம் சார்ஜே வேண்டாம் என்று சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் 2024-இல் அறிவித்த, நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருளில் ஓடும் அணு பேட்டரி இதற்கு உதவுமா?

உதவாது. அது தருவது 100 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு 9 வாட் பல்புக்கே 90,000 பேட்டரி வேண்டும். 15 வாட்மணி செல்போன் ஒன்றை நிரப்ப 17 வருடம் ஆகும். செவ்வாயில் ஓடும் நாசா ஊர்தி கியூரியாசிட்டியின் புளூட்டோனியக் கலன் 110 வாட் தந்தது உண்மைதான். ஆனால் பிள்ளைகுட்டிகள் படுத்திருக்கும் கூரைக்குள் வைக்கும் பொருளா அது?

சோலார் கணக்கைப் பாருங்கள். 9 வாட் டிசி பல்பு நான்கு, இரவு 10 மணி நேரம்: 360 வாட்மணி. 20 செல்போன்: 300. மூன்று நாளுக்கு 1,980. இதற்கு 12.8 வோல்ட், 200 ஆம்ப்மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும், 80 சதவீதத்துக்கு மேல் இறக்காமலே. 330 வாட் பேனல் இரண்டு.

இங்கே முதலில் கெடுவது இணைப்புகள்தான். கனெக்டருக்குள் உப்பு ஈரம் புகுந்தால் செம்பில் பச்சை பூக்கும், தடை கூடும், சூடேறி பிளாஸ்டிக் இளகும். 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டாலும் அலுமினியச் சட்டத்தைத் தொடுமிடத்தில் நைலான் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் சட்டம் அரிக்கும். கண்ணாடியை விடியற்காலையில், சூடேறும் முன், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பாம்பனில் கூண்டு ஏறியதும் பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேனலைக் கழற்றி உள்ளே வையுங்கள்.

வெயிலே எட்டாத கடலடிக் கருவி என்றால் அணு பேட்டரிதான் என் தேர்வு. அது தரும் மின்சாரத்தை, சேமித்து வைக்கும் சூப்பர் கெபாசிட்டரில் 2 மணி 47 நிமிடம் சேர்த்தால் 1 ஜூல் கிடைக்கும். ஒரு சிறு அளவீட்டை எடுத்துப் பதிய அது தாராளம்.