ஃபுஷிமி இனாரியா, இசேயா?

கியோட்டோ போகிறவர்கள் ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிண்டோவின் பழைய ஆலயம் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலும் ஃபுஷிமி இனாரிக்குத்தான் போகிறார்கள். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா லைன் லோக்கல் ரயிலில் இரண்டாவது நிறுத்தம், இறங்கினால் எதிரிலேயே வாசல், கட்டணம் கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் திறந்திருக்கும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள்.

711-ல் தோன்றிய ஆலயம் இது. 233 மீட்டர் உயர மலை முழுக்க தோரி எனப்படும் சிவப்பு ஆலய வாயில்கள், கிட்டத்தட்ட பத்தாயிரம் என்கிறார்கள். ஏறும்போது வெறும் சிவப்புத் தூண்கள்தான் தெரியும். சற்று நின்று திரும்பிப் பாருங்கள், ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில் இருக்கும். அப்புறம் அந்த நரிச் சிலைகள். இனாரி நெல்லுக்குரிய தெய்வம், நரி அதன் தூதர், சில நரிகள் வாயில் கவ்வியிருப்பது நெற்களஞ்சியத்தின் சாவி. பலர் பாதி மலையில், யோத்சுத்சுஜி என்ற சந்திப்பில் நின்று ஊரைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதற்கு மேல்தான் அமைதியே.

சூரிய தெய்வம் அமதெராசுவின் ஆலயமான இசே வேறு மாதிரி. கியோட்டோவிலிருந்து கின்டெத்சு எக்ஸ்பிரஸ் ரயிலில் இரண்டு மணி நேரம். அவ்வளவு தூரம் போயும் மூலக்கோயிலைப் பார்க்க முடியாது: வேலிக்குப் பின்னால் கூரை மட்டும் தெரியும், கல்படிக்கு மேலே படம் எடுக்கக் கூடாது. இதைக் கேட்டுத்தான் பலர் தவிர்க்கிறார்கள், எனக்கோ அங்கேதான் மனது நிற்கிறது. 20 ஆண்டுக்கு ஒருமுறை ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் கோயிலைப் புதிதாகக் கட்டி, அமதெராசுவைப் பக்கத்து மனைக்குக் குடிமாற்றுகிறார்கள். 690-ல் தொடங்கிய வழக்கம், போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டும் மீண்டது. 62-ஆவது முறை 2013-ல் நடந்தது, அடுத்தது 2033-ல். பழைய மூலக்கோயிலின் தூண்கள்தான் ஆலயத்துக்குள் நுழையும் உஜி பாலத்தின் இரு முனையிலும் தோரிகளாக நிற்கின்றன. அந்தத் தோரிகளின் கீழே நடக்கும்போது இது தெரிந்திருந்தால் நடையே வேறு.

ஹிரோஷிமா பக்கத்துத் தீவான மியாஜிமாவின் கடல் தோரி? அழகுதான், ஆனால் அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு.

இசே போனால் முறைப்படி வெளி ஆலயமான கெக்கூவுக்கு முதலில், பிறகு பஸ்ஸில் அமதெராசுவின் உள் ஆலயமான நைக்கூ. நைக்கூவில் மூலக்கோயிலுக்குப் பக்கத்து மனையை விட்டுவிடாதீர்கள்: கூழாங்கல் பரப்பு, நடுவில் சின்னதாக ஒரு மரக்கூடு, வேறொன்றும் இல்லை. அடுத்த கோயிலுக்காகக் காத்திருக்கும் இடம் அது.