வீட்டுக் கண்காணிப்பு செட்: வார்டு சிஸ்டர் ஒருத்தியின் அனுபவம்

நாமக்கல்லில் வேலை பார்க்கும் தோழி கேட்டிருந்தாள்: "அக்கா, எங்க ஆஸ்பத்திரியிலயும் வீட்டுல இருக்கிற பேஷண்டைப் பார்த்துக்கிற செட் வாங்கப் போறாங்களாம். உங்க சேலத்துல எப்படி இருக்கு?" போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன். அந்த செட்டில் எங்கள் வார்டில் இருக்கும் டேப் (டேப்லெட்) சர்வீஸுக்குப் போய் நேற்றுதான் திரும்பி வந்தது. அந்தக் கோபமும் இதில் இருக்கும்.

பேஷண்ட் வீட்டில் இருக்கும் பிபி மெஷின், ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்ப்பது), எடை மெஷின், எல்லாவற்றின் ரீடிங்கும் புளூடூத்தில் அவர் போனுக்குப் போய், அங்கிருந்து நம் டேப் திரைக்கு வரும் கதை உனக்குத் தெரிந்ததுதான்.

இதில் தங்கம் எடை மெஷின். இதயம் பலவீனமாகி டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு உடம்பில் நீர் சேர்ந்தால், பல சமயம் மூச்சு வாங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சாப்பாட்டில் வந்த சதை இல்லை. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், காபித் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர். முன்பெல்லாம் கால் வீங்கி, படுக்க முடியாமல் ஆன பிறகுதான் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி நடு ராத்திரியில் வருவார். இந்த முறை காலையிலேயே எடை ஏறியது தெரிந்து போன் போட்டேன். "ஐயா, சாப்பாட்டுல உப்பு கூடிப்போச்சா?" "கருவாடும்மா, மருமக வறுத்தா." டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டினார், எடை இறங்கியது. அவருக்கு அட்மிஷன் இல்லை, ராத்திரி டியூட்டி சிஸ்டருக்கு ஓட்டம் இல்லை.

போன் வேலையும் குறைந்தது. முன்பு வரிசையாக எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டு, அவர்கள் சொல்லும் பிபியை ரெஜிஸ்டரில் எழுதுவோம். இப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்பது முதலிலேயே தெரிகிறது. அவரிடம் நிதானமாகப் பேச நேரமும் கிடைக்கிறது.

அப்புறம் அந்த டேப்பின் அலாரம் சத்தம். ஆக்சிஜன் குறைந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், ரீடிங் வராவிட்டாலும் ஒரே சத்தம்! மார்கழியில் மலைமேல் இருப்பவர்கள் விடியற்காலையில் விரலை மாட்டினால் ஆக்சிஜன் 84 சதவீதம் என்று காட்டும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி விரலில் துடிப்பு மங்கிவிடும். கருவியின் வெளிச்சத்துக்கு அந்தத் துடிப்பு சரியாகப் பிடிபடாது. கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தால் 96. அது வரைக்கும் நம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வார்டையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்கிற சிஸ்டருக்கு, விடிவதற்குள் காது மரத்துவிடுகிறது. நிஜமான ஆபத்து வரும்போது எழுந்து ஓடத் தோன்றாமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம். கம்பெனிக்காரர்களிடம் பலமுறை சொல்லியாச்சு. இந்த முறை சர்வீஸுக்கு அனுப்பும்போது எழுதியும் கொடுத்தோம். மாற்றாமலே அனுப்பியிருக்கிறார்கள்.

இத்தனை நல்லது சொல்லிவிட்டும் சொல்கிறேன்: இந்த செட்டை வாங்க வேண்டாம். வேறு கம்பெனி டெமோ காட்ட வந்தால், முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல். பிறகு ஐஸ் தண்ணீரில் நனைத்த விரலில் ஆக்சிமீட்டரை மாட்டச் சொல். இரண்டுக்கும் ஒரே சத்தம் வந்தால், விலை பேசவே உட்கார வேண்டாம்.